காரணம் சொல்லாத தீர்ப்பு நாட்டாமைத் தீர்ப்பே

ஒரு வன்கொடுமை வழக்கில் தீர்ப்பு வந்தால் அரை மணி நேரத்தில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி பரவிவிடுகிறது. "குற்றவாளிகள் விடுதலை" அல்லது "ஆயுள் தண்டனை". விடுதலை என்றால் கொதிக்கிறோம், கண்டனப் போஸ்டர் அடிக்கிறோம். தண்டனை என்றால் 'ஜெய்பீம்' போட்டுக் கொண்டாடுகிறோம். இரண்டு நாளில் அடுத்த கொடுமை, அடுத்த செய்தி. அந்தத் தீர்ப்பின் பக்கங்களில் என்ன எழுதியிருக்கிறது, எந்தச் சாட்சியை நம்பினார்கள், எதை ஒதுக்கினார்கள், ஏன் ஒதுக்கினார்கள் என்று படித்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயல் பக்கத்து மாணவர்களோடு பேச வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். பெரும்பாலும் மௌனம்தான் பதில். சட்டக் கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகள்கூட, "முடிவு என்னன்னு தெரியும், முழுசா படிக்கலை" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீதிபதி தன் முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும் என்பது வக்கீல்களுக்கு மட்டும் உரிய விவகாரம் என்று நாம் விட்டுவிட்டோம். ஆனால் இந்த நாட்டில் காரணம் சொல்லாமல் தண்டிக்கப்பட்டவர்கள், காரணம் சொல்லாமல் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் யார் என்று யோசித்தால், அந்தக் கடமையை விடாமல் கேட்க வேண்டியவர்கள் நாம்தான் என்பது புரியும்.

ஊர்ப் பஞ்சாயத்தை நினைத்துப் பாருங்கள். ஆலமரத்தடியில் நாட்டாமை சொல்வார்: இவன் அபராதம் கட்டணும், அவன் காலில் விழணும், இந்தக் குடும்பத்தோடு யாரும் பேசக் கூடாது. ஏன் என்று கேட்க முடியாது. கேட்டால், "ஊர் சொல்லிருச்சு" என்பதுதான் பதில். அந்தச் சொல்லுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? சொல்லப்பட்ட நியாயத்திலிருந்து வருவதில்லை. சொன்னவர் பிறந்த வீட்டிலிருந்து வருகிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் நீதிமன்றம் இதிலிருந்து எங்கே வேறுபடுகிறது? கட்டடத்திலும் கறுப்பு அங்கியிலும் அந்த வேறுபாடு இல்லை. நீதிபதி தன் முடிவுக்கு என்ன காரணம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, எல்லோர் முன்னாலும் வைக்க வேண்டும். மேல் நீதிமன்றம் அதைப் பிரித்துப் பார்க்கலாம். நீங்களும் நானும் படித்துக் கேள்வி கேட்கலாம். இந்த ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நாட்டாமைதான்.

எழுதப்பட்ட காரணம்: வெண்மணி முதல் கோழிக்கோடு வரை

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டதை இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலி உயர்வு கேட்டு, செங்கொடியின் கீழ் சங்கம் வைத்ததற்காக. விசாரணை நீதிமன்றம் 1970-இல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட எட்டுப் பேரைத் தண்டித்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுவித்தது.

விடுவித்தார்கள் என்பதை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கவில்லை. என்ன சொல்லி விடுவித்தார்கள் என்பதையும் நினைவில் வைத்திருக்கிறோம். குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லாரும் நிறைய நிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள், நாயுடுவிடம் கார் இருக்கிறது, பழிவாங்கும் எண்ணம் இருந்தாலும் அப்பேர்ப்பட்டவர்கள் ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்கிற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. சாட்சி என்ன சொன்னார் என்பதிலிருந்து தொடங்க வேண்டிய யோசனை, குற்றம் சாட்டப்பட்டவரிடம் என்ன சொத்து இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கியது. மிராசுதார் எப்படி நடந்துகொள்வார் என்று நீதிபதிகளின் மனதில் ஏற்கெனவே ஒரு சித்திரம் இருந்தது. எரிந்துபோன வீட்டின் சாட்சியத்தை அந்தச் சித்திரம் தோற்கடித்தது.

இப்போது 2022-க்கு வாருங்கள். கேரளத்தில் ஒரு தலித் பெண் எழுத்தாளர் பாலியல் அத்துமீறல் புகார் கொடுத்தார். குற்றம் சாட்டப்பட்டவரும் எழுத்தாளர், சமூகச் செயல்பாட்டாளர் என்று பெயர் பெற்றவர். ஆகஸ்ட் மாதம் கோழிக்கோடு செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு முன்ஜாமீன் கொடுத்தது. சாதிக்கு எதிராகப் போராடுகிற சீர்திருத்தவாதி இவர், பட்டியல் சாதிப் பெண் என்று தெரிந்தே அவர் உடலைத் தொட்டிருப்பார் என்பது நம்பத்தகுந்ததாக இல்லை என்பதாக அந்த உத்தரவில் இருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு முன்ஜாமீனுக்கே தடை போடுகிறது. அந்தத் தடையைத் தாண்டுவதற்கு நீதிமன்றம் கைக்கொண்ட காரணம் இது.

வெண்மணியையும் கோழிக்கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பணக்காரர் நடந்து வரமாட்டார். சீர்திருத்தவாதி தீண்டமாட்டார். இடையில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள். வாதத்தின் எலும்புக்கூடு ஒன்றுதான்: குற்றம் சாட்டப்பட்டவரின் தகுதியே அவருக்குச் சாட்சி.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கோழிக்கோடு உத்தரவு எழுத்தில் வெளியே வந்ததும் நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது, மேல்முறையீடு போனது, அதே ஆண்டு அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் அந்த முன்ஜாமீனை ரத்து செய்தது. அது முடிந்ததற்கு முதல் காரணம், செஷன்ஸ் நீதிபதி தன் மனதில் இருந்ததைக் காகிதத்தில் வைத்தார் என்பதுதான். அவர் "சூழ்நிலைகளைக் கருத்தில்கொண்டு முன்ஜாமீன் வழங்கப்படுகிறது" என்று ஒரே வரியில் முடித்திருந்தால்? அந்தச் சாதியப் பார்வை அப்படியேதான் வேலை செய்திருக்கும். ஆனால் கையில் பிடிக்க எதுவும் இருந்திருக்காது. வெண்மணித் தீர்ப்பும் அப்படித்தான். அந்தக் காரணம் எழுதப்பட்டதால்தான் இன்றும் அதை முன்னே வைத்து நீதித்துறையைக் கேள்வி கேட்கிறோம். மோசமான காரணத்தோடு சண்டை போடலாம். எழுதாத காரணத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

எழுதாத காரணம்: ஜாமீன் உத்தரவுகள்

இறுதித் தீர்ப்புகளில் பெரும்பாலும் பக்கம் பக்கமாக ஏதாவது இருக்கும். நம் மக்கள் அடிபடுவது அதற்கு வெகு முன்னால், ஜாமீன் கட்டத்தில்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் புறநகர்ப் பகுதியில் ஒரு குடும்பத்துக்குத் துணையாக நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். சாதி சொல்லித் திட்டி, வீடு புகுந்து அடித்த வழக்கு. ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்று அந்த வீட்டு அம்மா எழுந்து நின்று, இரண்டு முறை வீட்டு வாசலில் வந்து மிரட்டினார்கள், பள்ளிக்கூடம் போகிற பெண்ணைப் பின்தொடர்கிறார்கள் என்று சொன்னார். நீதிபதி கேட்டுக்கொண்டார். சில நாள் கழித்து உத்தரவின் நகல் கிடைத்தது. இரு தரப்பும் கேட்கப்பட்டது, ஆவணங்கள் பரிசீலிக்கப்பட்டன, வழக்கின் தன்மையையும் சூழ்நிலைகளையும் கருத்தில்கொண்டு ஜாமீன் வழங்கப்படுகிறது. பிறகு நிபந்தனைகள். அவ்வளவுதான். கொத்தனார் வேலை பார்க்கும் அந்த வீட்டுக்காரர் என்னைக் கேட்டார்: "நாங்க சொன்னது இதுல எங்கயாவது இருக்கா?"

எங்கேயும் இல்லை.

ஜாமீன் கொடுத்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஜாமீன் கொடுப்பதற்கு நியாயமான காரணம்கூட இருந்திருக்கலாம். மிரட்டல் பற்றிச் சொன்னதை நீதிபதி நம்பாமல் இருந்திருக்கலாம், அல்லது நம்பி, நிபந்தனைகள் போதும் என்று நினைத்திருக்கலாம். எது நடந்தது என்று தெரிந்துகொள்ள அந்தக் குடும்பத்துக்கு உரிமை இருக்கிறதா இல்லையா?

உரிமை இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டு திருத்தம் கொண்டுவந்த 15ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். ஜாமீன் உட்பட வழக்கின் எந்த நடவடிக்கையைப் பற்றியும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் தகவல் தர வேண்டும் என்கிறது அதன் 3ஆம் உட்பிரிவு. ஜாமீன், விடுவிப்பு, பரோல், தண்டனை பற்றிய விசாரணைகளில் பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவரோ தம் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்கிறது 5ஆம் உட்பிரிவு. 2021 அக்டோபரில் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த உட்பிரிவுகள் கட்டாயமானவை என்று சொல்லி, ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை ரத்து செய்தது. பாதிக்கப்பட்ட தரப்புக்கு அறிவிப்பே தராமல் கொடுக்கப்பட்ட ஜாமீன் அது.

இப்போது யோசித்துப் பாருங்கள். கேட்கப்படும் உரிமை என்றால் என்ன? கோர்ட் ஹாலில் எழுந்து நின்று இரண்டு நிமிடம் பேசுவது மட்டுமா? நாம் பேசியதை நீதிபதி எடைபோட்டார் என்பதற்கு என்ன அத்தாட்சி? உத்தரவில் அதற்குப் பதில் இருக்க வேண்டும். 'இப்படிச் சொன்னார்கள், இந்தக் காரணத்தால் ஏற்கிறேன்', அல்லது 'இந்தக் காரணத்தால் ஏற்கவில்லை'. அந்த இரண்டு வரி இல்லையென்றால் 15ஏ வெறும் சடங்கு. நம் ஆட்கள் சொன்னதைக் காதில் வாங்குவதும், பதில் சொல்லாமல் அனுப்புவதும் இந்தச் சமூகத்துக்குப் புதிதா என்ன?

சட்டம் என்ன சொல்கிறது?

காரணம் எழுதுவது நீதிபதியின் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது சட்டம் இட்ட கட்டளை. குற்றவியல் தீர்ப்பில் முடிவு செய்ய வேண்டிய பிரச்சினைகள், அவற்றின் மீதான முடிவு, அந்த முடிவுக்கான காரணங்கள் ஆகியவை இருக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், அதாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், 393ஆம் பிரிவு அதையே சொல்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சிறப்பு நீதிமன்றத்தில் சாட்சிகள் வந்திருக்கும்போது விசாரணை நாள்தோறும் தொடர வேண்டும், மறுநாளைத் தாண்டி ஒத்திவைத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்துக்குள் முடிந்தவரை விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு. நம் வழக்குகள் எத்தனை முறை வாய்தா வாங்குகின்றன! ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. எதற்காகத் தள்ளிவைத்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறதா என்று நம்மில் யாராவது நகல் வாங்கிப் பார்த்திருக்கிறோமா?

உச்ச நீதிமன்றமும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. 2019 டிசம்பரில் மகிபால் வழக்கில், ஒரு கொலை வழக்கில் கொடுத்த ஜாமீனை ரத்து செய்தபோது, ஆவணங்களைப் பார்த்தோம், சூழ்நிலைகளைக் கருத்தில்கொண்டோம் என்று மட்டும் எழுதுவது காரணம் சொல்வதாகாது என்று தெளிவாகச் சொன்னது. ஜாமீன் கட்டத்தில் சாட்சியங்களை அக்குவேறு ஆணிவேறாக அலச வேண்டியதில்லை. ஆனால் மனதைச் செலுத்தினோம் என்பது உத்தரவில் தெரிய வேண்டும்.

இதைவிட விசித்திரமான ஒரு வழக்கு சத்தீஸ்கரில் நடந்தது. விசாரணை நீதிபதி, குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலை, தீர்ப்பு தனியாகத் தட்டச்சு செய்யப்பட்டுக் கையெழுத்திடப்பட்டது என்று வழக்கின் நடவடிக்கைத் தாளில் எழுதிவிட்டார். கோப்பைத் திறந்து பார்த்தால் தீர்ப்பே இல்லை! உயர் நீதிமன்றம் வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொன்னது. 2017 ஜனவரியில் அஜய் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காரணங்களோடு எழுதப்பட்ட தீர்ப்பு கோப்பில் இல்லாதபோது, நடவடிக்கைத் தாளில் எழுதிய 'விடுதலை' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் உயிர் இல்லை.

"இத்தனை வழக்குக்கு எப்படி எழுதுவது?"

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். ஒரு மாஜிஸ்திரேட் முன்னால் ஒரே நாளில் எத்தனை வழக்குகள் அழைக்கப்படுகின்றன என்று நீதிமன்றம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுருக்கெழுத்தர் பற்றாக்குறை, நிரப்பாத நீதிபதிப் பணியிடங்கள், மலைபோல் கோப்புகள். ஒவ்வொரு மனுவுக்கும் விளக்கம் எழுதினால் வழக்குகள் இன்னும் தேங்கும், கடைசியில் பாதிக்கப்படுவதும் ஏழைகள்தானே என்பார்கள்.

வேலைப்பளு உண்மை. நீதிபதிகளும் ஊழியர்களும் போதவில்லை என்பதை நாமும் சேர்ந்து கேட்க வேண்டும். ஆனால் போதுமான காரணம் வேறு, நீளமான தீர்ப்பு வேறு. முன்னூறு பக்கத்தில் இரு தரப்பு வாதங்களையும் மேல் நீதிமன்றத் தீர்ப்புகளையும் வெட்டி ஒட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் 'ஆகவே' என்று முடிக்கும் தீர்ப்புகளும் உண்டு. அந்த 'ஆகவே'க்கு முன்னால் எதுவுமே நடந்திருக்காது. மாறாக, 'மிரட்டல் பற்றிய புகார் காவல் நிலையத்தில் பதிவாகியுள்ளது, சாட்சிகள் அதே தெருவில் வசிக்கிறார்கள், ஆகவே இப்போது ஜாமீன் இல்லை' என்பது ஒரே வாக்கியம். போதுமான காரணம் அதில் இருக்கிறது. அதை எழுத ஐந்து நிமிடம் போதும். யோசிக்கத்தான் நேரம் வேண்டும். யோசிக்காமல் முடிவெடுக்கும் வசதியை வேலைப்பளு என்ற பெயரில் யாருக்கும் தர முடியாது.

விரிவாக எழுத வேண்டிய வழக்குகளில் எப்படி எழுதலாம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 2015 ஜூனில் கொல்லப்பட்ட பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் வழக்கில், மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேரைத் தண்டித்து, ஐந்து பேரை விடுவித்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்கும் மற்ற இடங்களுக்கும் நேரில் போய்ப் பார்த்தார்கள். முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும், கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு எப்படிச் சாட்சியமாக நிற்கிறது, எது ஏற்கத்தக்கது என்று ஒவ்வொன்றாக எடுத்து விளக்கி 2023 ஜூன் 2 அன்று தீர்ப்பளித்தார்கள். பத்துப் பேர் மீதான குற்ற முடிவு நின்றது, இருவரின் தண்டனை குறைந்தது, ஐவரின் விடுதலையும் நின்றது. அந்த ஐவர் விடுதலையில் நமக்கு வருத்தம் இருக்கலாம். ஆனால் ஏன் என்று படிக்க முடிகிறது, மறுத்து வாதாடவும் முடிகிறது. தோற்ற தரப்பும் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய தீர்ப்பு என்றால் அதுதான்.

கூண்டில் நிற்பதும் நம் பிள்ளைகள்தான்

தோழர்கள் சிலர் இந்தப் பிரச்சினையைப் பாதிக்கப்பட்டவர் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரங்களை எடுத்துப் பாருங்கள். நாட்டின் விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் நம் பங்கு 16.6 சதவீதம். திருட்டுச் சந்தேகம் என்று இரவில் பைக்கை நிறுத்தி அள்ளிக்கொண்டு போகப்படும் பையன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தப் பையனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போது ரிமாண்ட் உத்தரவு அச்சடித்த படிவம்போல வரக் கூடாது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது அவசியம்தானா என்பதற்குப் போலீஸ் காரணம் எழுத வேண்டும், மாஜிஸ்திரேட்டும் தன் திருப்தியைப் பதிந்த பிறகே காவலுக்கு அனுப்ப வேண்டும், காரணம் பதியாமல் அனுப்பும் மாஜிஸ்திரேட் மீது உயர் நீதிமன்றம் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று 2014 ஜூலையில் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நமக்கு எதிரான வழக்கில் நாம் கேட்கும் காரணத்தை, நாம் தொடுத்த வழக்கில் எதிர்த் தரப்புக்கும் கொடுக்கத்தான் வேண்டும். காரணம் எழுதாமல் ஜாமீன் கொடுத்தாலும் தவறு, மறுத்தாலும் தவறு. இந்த நேர்மை நம்மிடம் இருந்தால்தான் நம் கோரிக்கைக்கு வலு இருக்கும்.

காரணம் கேட்டு வென்ற வரலாறு

நீதிமன்றத்தில் காரணம் நமக்கு எதிராக மட்டுமே வேலை செய்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 1927-இல் புரட்சியாளர் அம்பேத்கர் மகாத் சவுதார் குளத்துக்கு மக்களைத் திரட்டிப் போனார். ஆதிக்கச் சாதியினர் நீதிமன்றம் போனார்கள். நினைவுக்கு எட்டாத காலம் தொட்டு இந்தக் குளம் எங்களுடையது, தீண்டத்தகாதவர்கள் எடுக்காதது வழக்கம் என்பது அவர்கள் வாதம். வழக்கு பத்தாண்டுகள் நடந்தது. 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றம், அப்படி ஒரு தொன்மையான வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று அவர்களின் மேல்முறையீட்டைத் தள்ளியது.

அதன் பொருளைக் கவனியுங்கள். "காலங்காலமா இப்படித்தான்" என்பதுதான் சாதியின் ஒரே வாதம். ஊருக்குள் அதற்கு நிரூபணம் தேவையில்லை. நீதிமன்றத்தில் அதையே சொல்லப் போனால், எத்தனை காலமாக, எந்தச் சாட்சியத்தின்படி என்று கேள்வி வந்தது. பதில் இல்லை. காரணம் கேட்கப்பட்ட இடத்தில் சாதி தோற்றது. அம்பேத்கர் தெருவிலும் போராடினார், பத்தாண்டுகள் அந்த வழக்கையும் விடாமல் நடத்தினார். இரண்டும் சேர்ந்ததுதான் மகாத்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், நகல் வாங்குங்கள். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும் என்கிறது சட்டம். பாதிக்கப்பட்டவரோ மனுப் போட்டு, கட்டணம் கட்டி வாங்க வேண்டும், நீதிமன்றம் சிறப்புக் காரணம் இருந்தால் இலவசமாகத் தரலாம் என்பதுதான் நிலை. இதுவே தனியாகப் போராட வேண்டிய அநீதி. அது மாறும் வரை, தீர்ப்பு வந்த அன்றே நகல் மனுப் போட வைப்பது நம் வேலை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14ஏ பிரிவில், ஜாமீன் உத்தரவை எதிர்த்தும் தீர்ப்பை எதிர்த்தும் உயர் நீதிமன்றம் போக 90 நாள்தான் அடிப்படைக் கெடு. பல வழக்குகளின் உத்தரவுகள் இ-கோர்ட்ஸ் தளத்திலேயே கிடைக்கின்றன. வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண் தெரிந்தால் செல்பேசியிலேயே எடுக்கலாம். ஒவ்வொரு குடும்பத்திடமும் அந்த எண்ணை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எழுத்தில் கொடுங்கள். 15ஏ பிரிவின் கீழ் பாதிக்கப்பட்டவர் ஜாமீனை எதிர்த்துப் பேசும்போது வாயால் மட்டும் சொன்னால் காற்றோடு போய்விடும். ஒரு பக்க எதிர்ப்பு மனுவாக, மிரட்டல் நடந்த நாள், இடம், கொடுத்த புகாரின் விவரம் என்று எழுதிக் கோப்பில் சேர்க்கச் செய்யுங்கள். கோப்பில் இருப்பதற்கு உத்தரவு பதில் சொல்லவில்லையென்றால், அதுவே மேல்முறையீட்டின் முதல் வாதம்.

மூன்றாவது, கூட்டாகப் படியுங்கள். மாதத்துக்கு ஒரு தீர்ப்பு போதும். நான்கு கேள்விகள் வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர் சொன்னது தீர்ப்பில் இருக்கிறதா? அதை ஏற்றதற்கோ தள்ளியதற்கோ சாட்சியத்திலிருந்து காரணம் இருக்கிறதா, அல்லது யாரோ ஒருவரின் அந்தஸ்திலிருந்து காரணம் வருகிறதா? சாதி குற்றத்தின் பின்னணி என்று சொன்ன இடத்தில் அதை நேராக எதிர்கொண்டிருக்கிறார்களா, 'நிலத் தகராறு', 'முன்விரோதம்' என்று கடந்துவிட்டார்களா? தோற்ற தரப்பு இதைப் படித்தால் ஏன் தோற்றோம் என்று புரியுமா?

நான்காவது, மொழி. தமிழ்நாட்டில் 1976-இலேயே ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் கீழமை நீதிமன்றங்களில் தமிழைக் கொண்டுவந்தது. ஆனாலும் நம் கைக்கு வரும் உத்தரவுகள் எத்தனையோ ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, இன்னும் நடக்கவில்லை. படிக்க முடியாத மொழியில் எழுதிய காரணம், அந்தக் கொத்தனாருக்குச் சொல்லாத காரணம்தான். தமிழில் தீர்ப்பு என்ற கோரிக்கையை மொழிப் பெருமை பேசுகிறவர்களிடம் மட்டும் விட்டுவிடாமல், நீதி கேட்கிற நாம் கையில் எடுக்க வேண்டும். அதுவரை, ஆங்கிலம் தெரிந்த தோழர்கள் தீர்ப்பின் முக்கியப் பத்திகளைத் தமிழாக்கி அந்தக் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டுங்கள். போஸ்டர் ஒட்டுவதைப் போலவே இதுவும் இயக்க வேலைதான்.

கடைசியாக ஒன்று. கோபத்தில் நீதிபதியின் நேர்மையைப் பற்றி முகநூலில் எழுதிவிட்டு அவமதிப்பு வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள். முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை அதன் தகுதியின் அடிப்படையில் நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது. நீதிபதியின் சாதியைப் பற்றி ஊகிப்பதைவிட, அவர் எழுதிய 27ஆம் பத்திக்கும் 28ஆம் பத்திக்கும் இடையில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று காட்டுங்கள். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதுதான் சாதி. அரசியலமைப்புச் சட்டம் அதை மாற்றி எழுதியது. இன்று இந்த நாட்டின் எந்த நீதிபதியும், எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தாலும், குடிசையில் வாழ்கிற ஒரு மனிதருக்கு "ஏன்" என்று பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அந்தப் பதில் தானாக வராது. ஒவ்வொரு வழக்கிலும், ஒவ்வொரு வாய்தாவிலும், நகலை நீட்டிக் கேட்க வேண்டும்: நாங்கள் சொன்னது இதில் எங்கே இருக்கிறது?

ஜெய்பீம்.